உங்களுக்குத் தெரியுமா? ஊர் மாறிய பள்ளிக்கூடம்

திருச்சி தெப்பக்குளத்தருகே இருக்கும் புனித வளனார் ஆண்கள் பள்ளி, திருச்சியில் பிறந்ததல்ல. 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கியது அது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகமே கிடையாது. அது வர இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன! தொடங்கியவர்களின் கதையும் சுவையானதுதான். 1773-இல் போப்பாண்டவரே கலைத்துவிட்ட சபை அது. 1814-இல் உயிர் பெற்று, 1837-இல் மதுரை மறைப்பணிக்குத் திரும்பியது. திரும்பிய ஏழே ஆண்டில் நாகையில் கல்விச்சாலை. 1883-இல் பள்ளியும் அதோடு வளர்ந்த வளனார் கல்லூரியும் திருச்சி மலைக்கோட்டை நிழலுக்கு இடம்பெயர்ந்தன. அங்கே ஆங்கிலேயத் தளபதி கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் மாளிகை பின்னாளில் மாணவர் விடுதியானது. வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் முடித்த ராமேசுவரத்துப் பையன்தான் அப்துல் கலாம்.