வயற்காவலுக்கு நாய் வளர்த்தலும் பழக்குதலும்



நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்திலும், மரவள்ளி, வற்றாளை முதலிய கிழங்குகள் பருக்கும் காலத்திலும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி ஓரிரவில் செய்யும் அழிவை நீங்கள் நன்கறிவீர்கள். வேலியடைத்தும், பரண் கட்டியும், தகரம் தட்டியும் காவல் செய்கிறோம். இவற்றுக்குத் துணையாக நாயும் பண்டுதொட்டு நம்மோடு வயலுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆயினும் பல வீடுகளில் நாய் வளர்க்கப்படுவதில்லை. அது தானாகவே வளர்கிறது. அவ்வாறு வளர்ந்த நாய் இரவில் அடுப்பங்கரைச் சாம்பலிற் சுருண்டு கிடந்தால், அது நாயின் குற்றமன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். துரத்தும் நாய் வேறு. காக்கும் நாய் வேறு. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளில் லேர்ச்சர் எனப்படும் ஒருவகை வேலைநாய் உண்டு. மிக விரைவாக ஓடும் கிறேஹவுண்ட் போன்ற நாயோடு, ஆடு மேய்க்கும் கொலி நாயையோ முரட்டுத் துணிவுள்ள டெரியர் நாயையோ சேர்த்து இதனைப் பெறுவார்கள். ஒன்றின் வேகமும் மற்றதன் புத்தியும் ஒருங்கே அமைய வேண்டுமென்பதே நோக்கம். முயலும் குழிமுயலும் பிடிப்பதற்கென நாட்டுப்புறத்து எளிய மக்கள் அதனை வளர்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாயை ஏவிக் காட்டுமுயல் வேட்டையாடுதல் 2005ஆம் ஆண்டு முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. எனினும் அந்நாயை வளர்த்தோரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அவர்கள் காதின் அழகையோ தோலின் நிறத்தையோ பார்த்துச் சோடி சேர்க்கவில்லை. தாயும் தந்தையும் வேலையில் எப்படி என்பதையே பார்த்தார்கள். அதனாலேயே ஒரு லேர்ச்சரைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. நாய்க் கண்காட்சிச் சங்கங்களும் அதனைத் தனி இனமாக ஏற்பதில்லை.

ஆனால் அத்தகைய நாய் நமது வயலுக்கு உதவாது. பன்றியைக் கண்டதும் காற்றாய்ப் பறந்து காட்டுக்குள் ஒரு கட்டை தூரம் போய்விடும் நாயால் என்ன பயன்? அது திரும்பி வருவதற்குள் மற்றைப் பன்றிகள் கிழங்கைக் கிளறி முடித்துவிடும். மேலும், மான், மரை முதலியவற்றை நாய் துரத்திப் பிடித்தால் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வில்லங்கம் உங்களுக்கே வந்து சேரும். நமக்கு வேண்டியது எல்லையை விட்டகலாமல் நின்று, ஓயாது குரைத்து, உங்களை எழுப்பும் நாய். இதற்கு நமது ஊர் நாயே போதும். குறுகிய மயிர், கடினமான பாதம், நடுத்தர உடல், வெயிலையும் மழையையும் தாங்கும் தன்மை ஆகியவை அதனிடம் இயல்பாகவே உண்டு. பெரும் பணம் கொடுத்து நீண்ட மயிருள்ள சீமை நாய் வாங்குவோர் உண்ணியையும் சொறியையும் சேர்த்தே வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

குட்டியைத் தெரியும்போது தாயைப் போய்ப் பாருங்கள். இயலுமாயின் இரவிற் பாருங்கள். அந்நியர் வந்தால் முன்னே நின்று குரைத்து, எசமான் அதட்டியவுடன் அடங்கும் தாயின் குட்டி நல்லது. வாலை ஒடுக்கிக்கொண்டு பின்னாலிருந்து கடிக்கும் தாயின் குட்டி வேண்டாம். குட்டிகளின் நடுவே கையைத் தட்டிப் பாருங்கள். சற்றே வெருண்டு, பின் ‘என்ன அது’ என்று பார்க்க வருகின்ற குட்டியே காவலுக்கு ஏற்றது. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது.

பெண் நாயிற் குட்டி எடுக்க விரும்புவோர், முதன்முறை பருவத்துக்கு வரும்போது சேர்க்காது விடுதல் வேண்டும். பெண் நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அக்காலம் முழுவதும் அதனை அடைத்து வைக்காவிட்டால், நீங்கள் தெரிந்த ஆண் நாய் அன்றித் தெருவிற் போகின்ற நாயே தந்தையாகும். சேர்த்த நாளிலிருந்து ஏறக்குறைய 63 நாளிற் குட்டி ஈனும். ஒரே தாயின் பிள்ளைகளையும், தந்தையையும் மகளையும் சேர்த்தல் ஆகாது. பாலூட்டும் தாய்க்கு வழமையிலும் இருமடங்கு, சிலவேளை மும்மடங்கு உணவு வேண்டும். குட்டிகளுக்கு இரண்டு வார வயது முதல் மிருக வைத்தியர் கூறும் முறைப்படி பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். வயிறு ஊதிக் கால் மெலிந்த குட்டிகளைக் கண்டு ‘நல்ல கொழுப்பு’ என்று மகிழ்வோர் உண்டு. அது கொழுப்பன்று, புழு.

குட்டிகளைக் கேட்டு வாங்குவோர் முன்கூட்டியே இருந்தாலன்றிக் குட்டி எடுக்க வேண்டாம். சந்தையடியிற் கொண்டுபோய் விடப்படும் குட்டிகளே நாளைக்கு விசர் பரப்பும் தெருநாய்கள். காவலுக்கு மட்டும் நாய் வேண்டுவோர் அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் நன்று. அவ்வாறு செய்தால் நாய் காவல் செய்யாது என்பது தவறான நம்பிக்கை. எல்லையைக் காக்கும் குணம் அதனாற் குறைவதில்லை. ஊர் சுற்றும் குணமே குறைகிறது.

இனிப் பழக்குதல். மூன்றாவது வாரம் முதல் மூன்றாவது மாதம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகின்றதோ அதனை ஆயுள் முழுவதும் தன் கூட்டமாக எண்ணும். ஆதலால் வீட்டிலுள்ள கோழி, ஆடு, மாடு, குழந்தைகள் அனைத்தையும் அக்காலத்திலேயே காட்டிப் பழக்குங்கள். குட்டி கோழியைத் துரத்தும்போது சிரித்துக்கொண்டு பார்ப்பவர், பின்னர் நாய் கோழி பிடிக்கின்றதென்று அடிப்பதில் நியாயமில்லை.

மூன்று சொற்கள் போதும்: ‘வா’, ‘இரு’, ‘விடு’. வீட்டார் எல்லோரும் அதே சொற்களையே வழங்க வேண்டும். தந்தை ‘வா’ என்றும், மகன் ‘இஞ்சை ஓடிவா’ என்றும், பாட்டி வேறொன்றும் சொன்னால் நாய் எதைக் கேட்பது? சொன்னபடி செய்தவுடன் ஒரு துண்டுக் கருவாடோ, தலையில் ஒரு தடவலோ அக்கணமே கிடைக்க வேண்டும். அழைத்தபோது தாமதித்து வந்த நாயை அடித்தால், வந்ததற்காகவே அடி என்று அது எண்ணும்; மறுமுறை வராது.

நான்காம் மாதம் முதல் காலையும் மாலையும் கயிற்றிற் பிடித்து வயலின் எல்லை வரம்பு வழியே ஒரு சுற்றுக் கூட்டிச் செல்லுங்கள். ஒரே வழி, ஒரே திசை. எல்லையைத் தாண்ட முயன்றால் ‘விடு’ என்று கூறித் திருப்புங்கள். சில மாதத்தில் கயிறின்றியே அது அவ்வழி செல்வதைக் காண்பீர்கள். பழகிய முதிய நாய் ஒன்று உடனிருந்தால் பாதி வேலை குறையும்.

இரவில் ஒரே முளையிற் கட்டிவைத்த நாயின் கயிற்று நீளத்தைப் பன்றிகள் சில நாளிலேயே அறிந்துகொள்ளும். அதற்கப்பால் நின்று அமைதியாக மேயும். இதற்கு மாறாக, எல்லையோரம் இரு உறுதியான தூண்களுக்கிடையே கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் நாயின் கயிற்றைப் பிணையுங்கள். நாய் நீளத்துக்கும் போய்வரும். கயிறு மரத்திற் சுற்றாமலும், வேலிக்கு எட்டாமலும் இருத்தல் வேண்டும்; வேலியைத் தாண்டிப் பாய்ந்த நாய் மறுபுறம் தூங்கி இறந்துபோகும். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பகலில் அவிழ்த்துவிடுங்கள். எந்நேரமும் கட்டப்பட்ட நாய் காற்றுக்கும் குரைக்கும். உண்மையிற் பன்றி வரும்போது நீங்கள் எழும்பமாட்டீர்கள்.

பன்றியைக் கண்டதும் ‘சூ’ காட்டி ஏவுதல் வேண்டாம். தனித்துத் திரியும் ஆண் பன்றி தன் கொம்புப் பல்லால் நாயின் வயிற்றை ஒரு வீச்சிற் கிழிக்கவல்லது. தள்ளி நின்று குரைப்பதே நாயின் வேலை. வெளிச்சத்தோடு சென்று விரட்டுவது உங்கள் வேலை. முள்ளம்பன்றியின் முள் தைத்தால் அதனை வெட்டாமல் குறட்டாற் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். கண்ணருகிலோ தொண்டையிலோ தைத்திருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க. யானை நடமாடும் இடத்தில் இரவில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய் அஞ்சியவுடன் எசமானைத் தேடி ஓடிவரும். யானையும் அதன் பின்னே வரும்.

நாய் காக்கும் தோட்டத்தில் கட்டுத்துவக்கு, வாய்வெடி, சுருக்குக் கம்பி, வீட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி என்பவற்றுக்கு இடமில்லை. அவை சட்டவிரோதமானவை, மனிதரையும் கொன்றிருக்கின்றன. எலிப் பாஷாணம் வைக்குமிடத்திலும் நாய் எட்டாதவாறு வைக்க வேண்டும். நஞ்சுண்டு செத்த எலியைத் தின்றாலும் நாய்க்குக் கேடு.

எல்லாவற்றிலும் முதன்மையானது விசர் நோய்த் தடுப்பு. வயலிற் காவல் செய்யும் நாய் நரி, கீரி, மரநாய், தெருநாய் யாவற்றையும் எதிர்ப்படும். வீட்டுக்குள் கிடக்கும் நாயிலும் அதற்கு ஆபத்து மிகுதி. 1893ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கெனச் சட்டம் இயற்றிய நாட்டில் இன்றும் மனிதர் இதனால் இறக்கிறார்கள். நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்ற மருந்து இல்லை. ஆதலால் குட்டிக்கு மிருக வைத்தியர் கூறும் வயதில் முதல் ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் தவறாது போடுவித்து, அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். நாயோ காட்டு விலங்கோ ஒருவரைக் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டிலிருத்தல் உயிருக்கு உலை வைப்பதாகும். குணம் திடீரென மாறி, வாயில் நீர் வடிந்து, விழுங்க இயலாது தவிக்கும் நாயின் வாய்க்குள் ‘எலும்பு சிக்கியிருக்கின்றது’ என்று கையை விடாதீர்கள். அதனை அடைத்து வைத்துவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள்.

உணவு இரு வேளை போதும்: சோறு அல்லது குரக்கன் கூழுடன் மீன்தலை, ஈரல், முட்டை முதலியவற்றில் கிடைப்பதைச் சேர்த்துக் கொடுக்கலாம். இரவுக் காவலுக்கு முன் வயிறு புடைக்கக் கொடுத்தல் வேண்டாம். உண்ட மயக்கத்தில் உறங்கிவிடும். முக்கிய உணவைக் காலையில், காவல் முடிந்து வந்தபின் கொடுங்கள்.

நாய் ஐந்தாறு வயதை அடைந்ததும் அடுத்த குட்டியைத் தேடத் தொடங்குங்கள். முதிய நாய்க்குக் காதும் காலும் நன்றாயிருக்கும்போதே இளையது அதனுடன் இரண்டு போகமாவது வரம்பு சுற்றுதல் வேண்டும்.