முள் காட்டாத மூச்சு

கல்லூரி விளையாட்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் 1500 மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. 52 கிலோ எடையுள்ள ஒரு பையன் விசில் கேட்டதும் அம்பாகப் பாய்ந்தான். இரண்டாவது சுற்று முடிவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். 80 கிலோவைத் தாண்டிய கபடிப் பையன் கடைசி ஆளாக வந்தாலும் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் நின்றான். உட்கார்ந்தவனுக்குக் காவலர் வேலை மீது ஆசை. அதற்கான உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் இதே தூரத்தை 7 நிமிடத்தில் ஓட வேண்டும்.

"ஒல்லியா இருக்கான், ஓடிடுவான்னு வீட்டுல நினைக்கிறாங்க சார். படிக்கட்டு ஏறச் சொன்னாலே இளைக்குது" என்றார் உடற்கல்வி இயக்குநர்.

எடை மெஷினின் முள்ளைப் பார்த்து உடம்பை எடைபோடும் பழக்கம் நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மருத்துவ உலகிலேயே ஒரு சாட்சி உண்டு. புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். யட்கின் மாரத்தான் ஓடுபவர். தன்னுடைய முக்கியமான உடற்பயிற்சி, மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் என்று யாக்னிக் வெளிப்படையாகவே எழுதினார். கருவிலேயே தொடங்கும் காரணங்களும் இந்த வித்தியாசத்துக்கு உண்டு. ஆனாலும் அந்த லிஃப்ட் கதவு என் மனதை விட்டு நீங்கவில்லை. நம் கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த ஓட்டமாவது இருக்கிறது?

அதிக எடை மூட்டுக்கும் சர்க்கரைக்கும் ஆகாது என்று மருத்துவர்கள் சொல்வது சரிதான். ஆனால் குண்டான மாணவரிடம் எல்லோரும் "நட, ஓடு" என்கிறார்கள். ஒல்லியானவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் தப்பித்துவிடுகிறார், அதாவது மாட்டிக்கொள்கிறார். மாணவிகளின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்க ஆளில்லாதபோது, மெலிந்த உடம்பு மாடி ஏறுவதற்குள் களைத்துவிடுகிறது.

இந்தச் சோர்வு கல்லூரியில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பிளஸ் டூவில் அந்தப் பீரியட் அட்டவணையில் மட்டும் இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு வீட்டிலேயே விளையாட்டு முடிந்துவிடுகிறது. தசை உரமேற வேண்டிய வயதில் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டோம். மதிப்பெண்ணுக்காக இதைச் செய்தவர்களில் பெற்றோராகிய நாமும் உண்டு. பிறகு அவர்கள் சேரும் கல்லூரியிலோ, மைதானத்தில் பாதி பேருந்து நிறுத்துமிடமாகிவிடுகிறது.

இதயத்தின் வலுவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 1940-களில் ஹார்வர்டில் உருவான படியேறும் சோதனைக்கு 20 அங்குல உயரப் பலகை ஒன்றும் கடிகாரமும் போதும். நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்காரவைத்து நாடித்துடிப்பை மூன்று முறை எண்ணுவார்கள். எவ்வளவு சீக்கிரம் துடிப்பு அடங்குகிறதோ அவ்வளவு நல்லது. நெஞ்சுவலி, மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கல்லூரி மருத்துவ முகாமில் உயரம், எடையோடு இந்தச் சோதனையில் கிடைக்கும் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை பிளஸ் டூ படித்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், பி.டி. பீரியட் நடக்கிறதா என்று கேளுங்கள்.