கையொப்பத்தின் பாரம்

பிறருடைய கையொப்பத்தின் நிழலில் இருப்பது எத்துணைச் சுகமானது என்பதை, இங்கிலாந்திலே தாதியாக இருபது ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே நான் உணர்ந்தேன். மருந்து எழுதும் தாதியருக்கான பயிற்சிக்கு விண்ணப்பம் எழுத அமர்ந்த இரவு அது.

தாதியொருத்தி மருந்து எழுதுவதா என நம்மவருட் சிலர் வியக்கக்கூடும். அந்நாட்டிலும் இவ்வுரிமை ஒரே நாளில் வந்ததன்று. வீடுவீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டிடும் தாதியர், கட்டுத்துணி பெறுவதற்குங்கூட வைத்தியரின் கையொப்பத்துக்காகக் காத்து நின்ற அவலத்தை 1986 இல் கம்பர்லெஜ் அறிக்கை எடுத்துக்காட்டியது. 1992 இல் பாராளுமன்றம் சட்டமியற்றியது. 2006 இல், உரிய பயிற்சியில் தேறிய தாதியர், கட்டுப்பாட்டுக்குரிய போதை மருந்துகள் போன்ற சில நீங்கலாக, தம் தகுதிக்குட்பட்ட மருந்துகளையெல்லாம் எழுதும் உரிமை பெற்றனர்.

விண்ணப்பத்துக்கு மேலதிகாரியின் இசைவு வேண்டும். மருந்தெழுதும் அனுபவமுள்ள ஒருவர் நம்மை மேற்பார்வை செய்யவும், மற்றொருவர் மதிப்பிடவும் உடன்பட வேண்டும். இவையெல்லாம் எளிதிற் கிடைத்தன. “ஏன் இப்பயிற்சியை நாடுகிறீர்?” என்ற வினாவே என்னை வருத்திற்று.

என்னிடம் ஆயத்தமான விடையொன்று இருந்தது. தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் காற்புண்ணைச் சுற்றிச் செம்மையும் வெம்மையும் பரவியதை, ஒரு வெள்ளிக்கிழமை மாலையிற் கண்டேன். தேவையான மருந்து எதுவென அறிந்திருந்தேன். ஆனால் வைத்தியர் தொலைபேசியில் அகப்பட்டது மறுநாட் பகலிலேதான். அதற்குள் செம்மை முழங்காலை எட்டிவிட்டது. “அன்று எனக்கு உரிமை இருந்திருந்தால்...” என்று சினத்தோடு எழுதிக்கொண்டு போனேன்.

பாதியில் என் கை நின்றது. அன்று வைத்தியர் கேட்ட முதற் கேள்வி நினைவுக்கு வந்தது. “அவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா?” நான் திரும்பி மூதாட்டியிடம் கேட்டேன். சிறு பராயத்தில் அம்மருந்தை ஏற்றியபோது முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறியதாக அவர் சொன்னார். என் ஏட்டில் அச்செய்தி இல்லை. நான் எண்ணியிருந்த மருந்தோ பெனிசிலின் இனத்தைச் சேர்ந்தது.

காலந்தாழ்ந்தது பிழைதான். ஆயினும் அந்த மாலையில் உரிமை என் கையில் இருந்திருப்பின், அவர் உயிருக்கு நானே கூற்றாகியிருப்பேன்.

எழுதியதைக் கிழித்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். “மருந்தின் பெயர் எனக்குத் தெரியும், அதை எழுதுமுன் கேட்கவேண்டியவற்றைக் கற்க வருகிறேன்” என்று முடித்தேன். இடம் கிடைத்தது. மருந்தியற் பரீட்சையில் நூற்றுக்கு 80 புள்ளிகள் போதும். மருந்தளவுக் கணக்கிலோ 100 புள்ளிகளும் பெற்றாக வேண்டும். தசமப்புள்ளி ஓரிடம் பிறழ்ந்தால் மருந்து பத்து மடங்காகிவிடுமன்றோ?

இன்று என் பெயரால் மருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் கையொப்பமிடுமுன், அந்த மூதாட்டியிடம் நான் கேளாது விட்ட கேள்வியை என் முன்னிருப்பவரிடம் கேட்கிறேன்.