கொல்லிமலை மழையில் ஒழுகும் ஜீப் டாப்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடைமழையில் படுதா போட்ட ஜீப்பில் அந்த வழி போனால், இடப்பக்க வளைவில் வலது ஓரத்தில் இருப்பவர் நனைவார். அடுத்த வளைவில் இடது ஓரக்காரர். மேலே தொய்வில் தேங்கிய நீர் வண்டியோடு சேர்ந்து சாய்கிறது.

1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியதிலிருந்து, 2010-இல் வந்த தார் வரை, கழற்றும் டாப்புக்கு ஒரே பலவீனம்தான்: இணைப்புகள். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு, கதவின் மேல் மூலை, பின்திரை, தையல் வரிசை. வளைவிலும் குழியிலும் வண்டியின் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும். நாளடைவில் போல்ட் தளரும், ரப்பர் பீடிங் நசுங்கியே நின்றுவிடும்.

சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. முன்விளிம்பில் நுழைந்த நீர் கூரைக் குழாயைப் பிடித்தபடியே ஓடி, பின் இருக்கையில் சொட்டும். அதனால் ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இணைப்பாக மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனையும், ஓட்டை எது என்று தெரியாது. பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்: கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தால், தடையின்றி வரும் இடத்தில் பிடிப்பில்லை.

பலரும் உடனே சிலிகான் பசையை அப்பிவிடுகிறார்கள். கழற்ற வேண்டிய இணைப்பில் அது கூடவே கூடாது. அடுத்த முறை கழற்றும்போது பீடிங்கையே கிழித்துக்கொண்டு வரும். சாதாரண கிரீஸும் வேண்டாம், கதவு ரப்பர் உப்பிவிடும். மண்ணைத் துடைத்து, போல்ட்டுகளைச் சீராக முறுக்கி, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினாலே பாதி ஒழுகல் நிற்கும். நசுங்கிய பீடிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

படுதாவில் துணியைப் பார்க்க வேண்டும். பருத்திக் கான்வாஸ் நனைந்ததும் நூல் உப்பி ஊசித் துளையை அடைக்கும். புதிதாகத் தைத்ததை ஓரிரு முறை நனைத்துக் காயவைத்த பிறகே குறை சொல்லலாம். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் நீர்விலக்கும் பூச்சு போய்விடும். பிவிசி படுதா உப்பாது. அதில் தையல்மேல் பட்டை வைத்துச் சூட்டில் ஒட்ட வேண்டும். இதற்கு நகரத்து ஷோரூமைத் தேட வேண்டியதில்லை; லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல் கொல்லிமலைக்கு அருகிலேயே இருக்கிறது. லாரிப் படுதா தைக்கும் கைகளுக்கு ஜீப் டாப் சின்ன வேலை.

வேலை முடிந்ததும் சமதளத்தில் மட்டும் சோதித்தால் போதாது. சரிவில் வண்டியின் முகம் மேலே இருக்கும்படி நிறுத்தி ஒருமுறை, திருப்பி நிறுத்தி ஒருமுறை ஹோஸ் பிடியுங்கள். தரை விரிப்பைத் தூக்கி, அடியில் ஈரம் இருந்தால் அன்றே காயவையுங்கள். துருவும் வயர் கோளாறும் அங்கேதான் தொடங்குகின்றன.