தையல் இல்லாத தொப்பி



திருகோணமலையில் இருந்துகொண்டு கம்பளித் தொப்பி பின்னுகிறேன் என்றால் சிரிக்காதவர் இல்லை. சித்திரை வெயிலில் டச்சுக் குடாவின் மணல் காலைச் சுடும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தாலும் விரல் வியர்த்து, நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வெக்கையில் கம்பளித் தொப்பி யாருக்கு என்று கேட்பார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் பேரனுக்கு என்பேன். அதற்குமேல் யாரும் சிரிப்பதில்லை. கேட்டவர் வீட்டிலும் ஒரு பிள்ளையாவது பனி பெய்கிற ஊரில் இருக்கும்.

அந்தத் தொப்பியை வட்டமாகப் பின்னும் முறையைப் பற்றியே இன்று பேச வந்தேன். ஊசி பிடிக்கக் கற்றது கன்னியர் மடத்துப் பாடசாலையில். வெள்ளைக்காரர் கொண்டுவந்த கைவேலை இது, நமக்கு இதில் பழைய உறவு ஏதுமில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் நம் கடற்கரையில் வலை பின்னும் பெரியவர் ஒருவர். அவரிடம் போகுமுன் தொப்பியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பளிப் பின்னலில் முடிச்சு இல்லை. ஒரு கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணியை இழுத்தெடுக்கிறோம், அவ்வளவுதான். தட்டையாகப் பின்னுவதானால் வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தால் பின்னிவர வேண்டும். கடைசியில் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைக்கவும் வேண்டும். அந்தத் தையல் பிள்ளையின் பிடரியில் உறுத்தும். வட்டப் பின்னலில் இந்தத் தொல்லை கிடையாது. இரு முனையும் கூரான ஐந்து ஊசிகளில் நான்கு கண்ணிகளைத் தாங்கும். ஐந்தாவது வேலை செய்யும். தொப்பியின் முகம் எப்போதும் நம்மைப் பார்த்தபடியே இருக்கும். திருப்ப வேண்டியதே இல்லை.

பேரனின் தலையை மகள் நூலால் சுற்றி அளந்து, தொலைபேசியில் சொன்னாள்: 52 சென்ரிமீற்றர். தொப்பி தலையைப் பிடித்து நிற்க நான்கு சென்ரிமீற்றர் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே 48. என் கைக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில் 20 கண்ணிகள் வருகின்றன. அப்படியானால் தொடங்க வேண்டியது 96 கண்ணிகள். இரண்டு, நான்கு, எட்டு எதனாலும் மிச்சமின்றிப் பிரியும் நல்ல எண் அது. அதன் அருமை உச்சிக்கு வரும்போது தெரியும்.

கண்ணிகளை ஏற்றி வட்டமாக இணைக்கும் வேளையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளிம்பு எந்த இடத்திலும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு முறுக்கு விழுந்தாலும் தொப்பி தொப்பியாகாது. பத்துச் சுற்றுக்குப் பிறகு கண்டுபிடித்தால் முழுவதையும் பிரித்துத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பின்னலில் இரண்டு கண்ணிகள்தாம் உண்டு. நேர்க்கண்ணி மழமழப்பாக இருக்கும்; நெல்மணி இரண்டு ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பது போலத் தெரியும். அதையே மறுபுறமாக இழுத்தால் சிறு மேடாகப் புடைக்கும். இதைப் புறக்கண்ணி என்போம். இரண்டு நேர், இரண்டு புறம் என்று நான்கு சென்ரிமீற்றர் பின்னினால் இழுபட்டுச் சுருங்கும் விளிம்பு கிடைக்கும். அதன்மேல் நான்கு நேர், நான்கு புறம் என்று நான்கு சுற்றுப் பின்னி, அடுத்த நான்கு சுற்றில் இடம் மாற்றினால் பனையோலைப் பெட்டியின் முடைச்சல் போல மேடுபள்ளம் எழும். இப்படி ஒன்பது சென்ரிமீற்றர்.

இனி நிறம். மஞ்சள், சிவப்பு, மயில்நீலம் எனப் பட்டை பட்டையாக மாற்றலாம். புதிய நிறம் தொடங்கும் முதற் சுற்றை முழுவதும் நேர்க்கண்ணியாகப் பின்ன வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பட்டையின் தொடக்கமும் முடிவும் நேராகச் சந்திப்பதில்லை. ஒரு படி ஏறி நிற்கும். காரணம், நாம் பின்னுவது உண்மையில் வட்டமே அல்ல. சங்கின் புரிபோல ஏறிச் செல்லும் ஒரே நூல் அது. இரண்டாம் சுற்றின் முதற்கண்ணியைப் பின்னும்போது அதற்குக் கீழே கிடக்கும் கண்ணியையும் தூக்கிச் சேர்த்துப் பின்னினால் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

இதுவரை சிரமமில்லை. என்னைத் தோற்கடித்தது உச்சி. 96 கண்ணிகளையும் குறைத்துக் குறைத்து மூட வேண்டும். பயந்து பயந்து நான்கு சுற்றுக்கு ஒருமுறை குறைத்தேன். தொப்பி கோபுரம்போல் கூர்ந்து நின்றது. பேரன் அதை அணிந்த படத்தை மகள் அனுப்பினாள். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. அடுத்ததில் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்தேன். வாய் கட்டிய சாக்குப்போல உச்சி சுருங்கிவிட்டது. அந்தப் பிள்ளையின் தலையை நான் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால்தான் கைக்குத் தெரியவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

பையில் அந்தத் தொப்பியோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு மாலை, அந்தப் பெரியவர் வீச்சு வலை பின்னிக்கொண்டிருந்தார். எண்பது வயதைத் தொட்டவர். தொப்பியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

“இது வீச்சு வலைதானே மகள், தலைகீழாக் கிடக்கு. நாங்க உச்சியில தொடங்கிக் கூட்டிக்கொண்டு வாறம். நீங்க விளிம்பில தொடங்கிக் குறைச்சுக்கொண்டு போறீங்க. கணக்கு ஒண்டுதான்.”

“எத்தனை சுற்றுக்கு ஒருக்கா ஐயா கூட்டுறது?” என்று கேட்டேன்.

அவருக்கு உடனே சொல்ல வரவில்லை. வலை ஊசியைக் கையில் எடுத்து, கண்ணளவு காட்டும் சிறு பலகையில் நூலைச் சுற்றி, விரல்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் சொன்னார். அன்று அவர் தொடங்கியிருந்தது 40 கண்ணில். இரண்டு சுற்றுச் சும்மா போய், மூன்றாம் சுற்றில் ஐந்து கண்ணுக்கு ஒரு கண் கூட்டினார். அதாவது எட்டு இடத்தில் எட்டுக் கண். அடுத்த முறை ஆறுக்கு ஒன்று, பிறகு ஏழுக்கு ஒன்று. இடம் மட்டும் எட்டாகவே இருந்தது. “குறையக் கூட்டினா வலை விரியாது, குழாய் மாதிரி விழும். கூடக் கூட்டினாச் சுருக்கு விழும்” என்றார்.

வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். என் பின்னலில் உயரத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றரில் 28 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு வட்டத்தின் ஆரம் சுமார் மூன்றரை மில்லிமீற்றர் கூடுகிறது. அப்படியானால் சுற்றளவு ஏறக்குறைய இரண்டேகால் சென்ரிமீற்றர் கூட வேண்டும். அது நாலரைக் கண்ணி. ஒரு சுற்றுவிட்டு ஒரு சுற்று எட்டுக் கண்ணி குறைத்தால் சராசரி நான்கு. தட்டையாகவும் இல்லாமல் கூராகவும் இல்லாமல், தலையைப்போல மெல்லக் குவிவதற்கு அதுவே போதும். 96ஐ எட்டுப் பங்காக்கினால் பங்குக்குப் பன்னிரண்டு. பங்குக்கு ஒன்றாகப் பதினொரு முறை குறைத்தால் எட்டே கண்ணிகள் மிஞ்சும். நூலை அவற்றினூடே கோத்து இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும்.

வலையும் தொப்பியும் முற்றிலும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். வலைக்கண் முடிச்சால் ஆனது. ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண் நிற்கும். கம்பளிக் கண்ணி அறுந்தால் கீழே வரிசையாக ஓடிவிடும். அந்த முடிச்சின்மைதான் தொப்பிக்கு இழுவையையும் தருகிறது. வேறுபாடு நூலிலே, எண்ணிக்கை ஒன்றுதான்.

இந்த எண்ணிக்கை எந்த ஒரு நாட்டின் சொத்தும் அல்ல. 1400ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் மாஸ்ரர் பெர்ட்ராம் தீட்டிய பலிபீட ஓவியமொன்றில் மரியாள் நான்கு ஊசிகளால் தையலற்ற அங்கியை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்தில், 1571இல், ஆறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளித் தொப்பி அணிய வேண்டுமென்று சட்டமே இயற்றினார்கள். 1597இல் அது நீக்கப்பட்டது. அக்காலத்து மொன்மத் தொப்பி கடலோடிகளின் தலையில் உலகைச் சுற்றியது. நியூயோர்க் துறைமுகத்தில் கப்பல் ஊழியருக்குக் கைப்பின்னல் உடைகளை அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கம் 1898இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. பெரு நாட்டில் தித்திகாக்கா ஏரியிலுள்ள தக்கீலே தீவில் பலநிறக் கம்பளித் தொப்பி பின்னுகிறவர்கள் ஆண்கள். மணமானவர் தொப்பிக்கு ஒரு நிறம், ஆகாதவர் தொப்பிக்கு வேறு நிறம். அத்தீவின் நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

நம் கடற்கரைப் பெரியவரின் கணக்கை யாரும் அறிவிக்கவில்லை. “இப்ப ஆரு மகள் கையால பின்னுறாங்க? கடையில ஆயத்தமா விக்குது” என்றார். அவர் மக்களும் இயந்திரம் பின்னிய வலையைத்தான் வாங்குகிறார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. கைவலை முடிய வாரக்கணக்கில் நாள் பிடிக்கும், வயிறு காத்திருக்காது. ஆனால் அவர் கணக்கு விரலில் மட்டுமே இருக்கிறது. ஊசியைக் கையில் எடுக்காமல் அவரால் அதைச் சொல்லவே முடியவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்றாவது தொப்பி பொருந்திவிட்டது. பேரன் அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான் என்று மகள் சொன்னாள். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் தொப்பியின் கணக்கையும் வீச்சு வலையின் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேயர்களே, உப்புவெளியிலோ மூதூரிலோ கிண்ணியாவிலோ, உங்கள் வீட்டிலும் வலை பின்னிய கை ஒன்று இருக்கக்கூடும். எத்தனை கண்ணில் தொடங்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து எண்ணுங்கள். எண்ணியதை எழுதி வையுங்கள்.