உறையில் அச்சிட்ட கணக்கு: பங்க் இசைத்தட்டுகள் கற்பித்த பாடம்

ஓர் இசைத்தட்டின் உறையில் பாடலின் பெயர், கலைஞரின் பெயர், வெளியீட்டு நிறுவனத்தின் முத்திரை ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அத்தட்டை உருவாக்க எவ்வளவு பணம் செலவாயிற்று, அடுத்தவர் அதே வேலையைச் செய்ய விரும்பினால் எங்கே செல்லவேண்டும் என்பவற்றைப் பெருநிறுவனங்கள் உறையில் சொல்வதில்லை. ஆயினும் 1977 தொடங்கிச் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வெளிவந்த சிறு இசைத்தட்டுகள் சில, இவற்றை வெளிப்படையாக அச்சிட்டன. அத்தட்டுகளைத் தேடிக் கேட்போரும் பேணுவோரும் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றனர். அவ்வார்வம் எதனால் எழுந்தது, அதிலிருந்து ஆசிரியரும் மாணவரும் பெறத்தக்கது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பங்க் என்பது 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களில் உருப்பெற்ற ராக் இசையின் ஒரு கிளை. விரைவும் சுருக்கமும் உரத்த ஓசையும் அதன் இயல்புகள். தேர்ந்த பயிற்சி வாய்க்காதவரும் மேடையேறலாம் என்னும் துணிவு அதன் அடிப்படை. சோதனை இசை என்பது மெட்டு, தாளம் முதலிய பழகிய வரம்புகளைக் கடந்து, இயந்திர ஒலியையும் இரைச்சலையும் வெட்டி ஒட்டிய ஒலிநாடாவையும் இசைப்பொருளாகக் கொள்வது. இவ்விரண்டும் பெருநிறுவனச் சந்தைக்கு வெளியே இயங்கியபோது அவற்றை 'அண்டர்கிரவுண்ட்' இசை என்றனர். பெரும்பாலோர் கண்ணில் படாமல் வளர்ந்தது என்பதே அச்சொல்லின் பொருள். சட்டத்திற்கு மறைந்து வாழ்ந்தது என்பதன்று.

தட்டு உருவாகும் முறை

வினைல் தட்டு உருவாகும் முறையை அறிந்தால்தான் இவ்வரலாறு விளங்கும். நாடாவில் பதிந்த ஒலியை, அரக்கு போன்ற பூச்சு கொண்ட அலுமினியத் தட்டில் நுண்ணிய சுருள்வரியாக ஓர் ஊசி வெட்டுகிறது. அத்தட்டின்மீது வெள்ளி பூசி, அதன்மேல் நிக்கல் படியச் செய்து உலோக அச்சு எடுக்கின்றனர். இரு பக்கத்திற்குரிய இரு அச்சுகளுக்கு இடையே சூடேறிய வினைல் குழம்பை வைத்து அழுத்தினால் தட்டு பிறக்கிறது. வெட்டுவதற்கும் அச்செடுப்பதற்கும் ஆகும் செலவு முதலிலேயே வந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு படிக்கும் ஆகும் செலவு சிறிதே.

இந்த ஆலைகள் பணம் கொடுப்போர் எவர்க்கும் தட்டு அச்சிட்டுத் தந்தன. எனினும் இளங்கலைஞருள் பலர், தட்டு வெளியிடுவது பெருநிறுவனங்களுக்கு மட்டுமே இயலும் என்று எண்ணியிருந்தனர். வழி திறந்தே இருந்தது. திறந்திருப்பது பலருக்குத் தெரியவில்லை.

ஆயிரம் படிகள்

தாமே தட்டு வெளியிட்டவர்கள் முன்னரும் இருந்தனர். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பெரே ஊபு என்னும் குழு 1975இலும், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் என்னும் குழு 1976இலும் அவ்வாறு செய்தன. இங்கிலாந்தில் பலரையும் விழிக்கச் செய்தது மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. உறவினரிடமும் நண்பரிடமும் ஏறத்தாழ 500 பவுண்டு கடன் பெற்று, 1976 டிசம்பர் 28ஆம் நாள் நான்கு பாடல்களை ஒரே நாளில் பதிவுசெய்தனர். 1977 ஜனவரி இறுதியில், நியூ ஹார்மோன்ஸ் என்று தாமே சூட்டிய பெயரில், 1,000 படிகள் வெளியிட்டனர். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. மீண்டும் மீண்டும் அச்சிட்டு, மொத்தம் 16,000 படிகள் வரை விற்றன.

அவ்வுறையில் ஒரு புதுமை இருந்தது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவாயிற்று, பின்னர் ஏதேனும் ஒலி சேர்க்கப்பட்டதா என்பது அங்கே குறிக்கப்பட்டிருந்தது. மாணவன் தன் விடையோடு செய்முறையையும் எழுதிக் காட்டுவதற்கு ஒப்பானது இது. கேட்பவர் பாடலை நுகர்வதோடு நில்லாமல், அது செய்யப்பட்ட ஒரு பொருள் என்பதையும் உணர்கிறார்.

கணக்கைக் காட்டியவர்கள்

அடுத்த படியில் ஏறியது லண்டனின் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் குழு. ஒரு தட்டு வெளியிடவேண்டும் என்னும் ஒரே நோக்கத்துடன் 1977 மார்ச்சில் கூடிய இவர்கள், டால்ஸ்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை மூன்று மணிநேரத்திற்கு அமர்த்தி இரண்டு பாடல்களைப் பதிவுசெய்தனர். தட்டின் இரு பக்கத்திலும் அதே இரண்டு பாடல்களே இருந்தன. முதல் தட்டுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண்டு என்பதை இரண்டாம் தட்டின் உறையில் அச்சிட்டு, இதைப் படிப்பவர் தம் தட்டை இன்னும் ஏன் வெளியிடவில்லை என்றும் வினவினர்.

1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு தன் முதல் தட்டின் உறையில் செலவுப் பட்டியலையே இனம் இனமாக அச்சிட்டது. கேம்பிரிட்ஜில் 14 மணிநேர ஒலிப்பதிவுக்கு 98 பவுண்டு, மூலத்தட்டு வெட்டுவதற்கு 40 பவுண்டு, தட்டின் நடுவிலுள்ள வெள்ளைத்தாளில் பெயர் பொறிக்க வாங்கிய ரப்பர் முத்திரைக்கு 8 பவுண்டு என அப்பட்டியல் செல்கிறது. அணுகவேண்டிய இடங்களின் முகவரிகளும் அதில் இருந்தன. பாடலைக் கேட்கவென்று வாங்கிய மாணவர் ஒருவர், உறையைப் படித்து முடிக்கையில் ஒரு கையேட்டைக் கற்றிருப்பார். அச்சுத்துறையிலும் இசைத்துறையிலும் தொழில் நுணுக்கத்தைக் காத்துவைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், இவ்வெளிப்படைத்தன்மை ஒரு கொடை.

ஆர்வலர் வரைந்த வழிப்படம்

செய்தவரைப் போலவே கேட்டவரும் இவ்வரலாற்றில் பங்குடையவர். 1976 பிப்ரவரியில் மேற்கு லண்டனில் தொடங்கிய ரஃப் டிரேட் கடை, சிறு வெளியீடுகளை வாங்கிப் பிற ஊர்க் கடைகளுக்கும் அனுப்பியது. பிபிசி ரேடியோ 1இல் ஜான் பீல் என்னும் அறிவிப்பாளர், பெயர் அறியாக் குழுக்களின் தட்டுகளை இரவுதோறும் ஒலிக்கச் செய்தார். ரசிகர் தாமே தட்டச்சிட்டுப் படியெடுத்த சிற்றிதழ்கள் செய்தியைப் பரப்பின. அவற்றுள் ஒன்றான 'சைட்பர்ன்ஸ்' 1977 ஜனவரியில், கித்தாரில் மூன்று விரல்நிலைகளை மட்டும் வரைந்து காட்டி, இனி ஒரு குழுவைத் தொடங்குக என்று ஏவியது. அவ்வொரு படம் இன்றும் நினைக்கப்படுகிறது.

சோதனை இசையில் இதற்கு இணையான சான்று, நர்ஸ் வித் வூண்ட் குழு 1979இல் 500 படிகள் மட்டும் வெளியிட்ட முதல் தட்டு. அதை உருவாக்கிய மூவரும் முதன்மையாகத் தட்டு சேகரிப்பாளர்கள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து தாம் தேடிக் கண்ட இசைக்குழுக்கள், கலைஞர்கள் ஆகியோரின் பெயர்களை, ஏறக்குறைய 290 அளவில், ஒரு பட்டியலாகத் தட்டோடு சேர்த்துத் தந்தனர். விளக்கம் ஏதுமில்லாத வெறும் பெயர்ப்பட்டியல் அது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஆர்வலர்கள் அதைக் கையில் கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடினர். 2019இல் அப்பட்டியலிலுள்ளவர்களின் இசையைத் தொகுத்து ஒரு நிறுவனம் தட்டு வெளியிடத் தொடங்கியது. தான் விரும்பியதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் பெயர் சொல்லிப் பகிர்ந்தமையால் விளைந்த பயன் இது.

நம் வட்டாரத்திலும் இதற்குச் சான்றுண்டு. சிங்கப்பூரில் 1985இல் நகலெடுப்புத் தாள்களாகத் தோன்றிய 'பிக்ஓ' என்னும் ஆங்கில இசைச் சிற்றிதழ், பின்னர் கடைகளில் விற்கும் இதழாக வளர்ந்து, உள்ளூர்க் குழுக்களையும் எழுதிப் பதிவுசெய்தது.

பேணுதலின் தேவை

பிரிட்டனில் அச்சாகும் நூலின் படியை நூலகத்திற்கு அளிக்கச் சட்டம் வற்புறுத்துகிறது. ஒலிப்பதிவுகளுக்கு அக்கட்டாயம் இல்லை. ஆகவே 500 படிகள் மட்டும் அச்சிட்ட தட்டு எஞ்சுவதும் மறைவதும் பெரும்பாலும் அதை வாங்கியவரின் கையில் இருக்கிறது. பழைய கடைகளில் தேடுவது, பாடல் முடிந்தபின் வரும் வெற்றுப் பட்டையில் கையால் கீறிய எண்ணைப் படித்து எந்த அச்சு என்று உறுதிசெய்வது, உறைகளைப் படியெடுத்துப் பட்டியலிடுவது ஆகியவை பொழுதுபோக்குப் போலத் தோன்றினும், ஆவணக் காப்பாளரின் பணியை ஒத்தவை. 'மெஸ்தெடிக்ஸ்' என்னும் தொகுப்பு வரிசை, பிரிட்டனின் மறக்கப்பட்ட சிறுகுழுக்கள் பலவற்றை மீண்டும் கேட்கச் செய்தது. அது சேகரிப்பாளர் உழைப்பின் பயன்.

இவ்வார்வத்தின் குறைகளையும் நாம் மறைக்கலாகாது. அரிது என்பதாலேயே ஒரு தட்டு சிறந்ததாகிவிடாது. வெளிவந்தவற்றுள் ஒருமுறை கேட்டால் போதும் என்பவையும் மிகுதி. எவரும் வாங்கக்கூடிய விலையில் விற்கச் செய்த தட்டு, இன்று செல்வர்க்கு மட்டும் எட்டும் பொருளாக ஏலத்திற்கு வருவது முரணே. தனித்து நிற்றலும் எளிதன்று. பஸ்காக்ஸ் குழு 1977 ஆகஸ்டிலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் பெருநிறுவனத்தில் சேர்ந்தது. ரஃப் டிரேட்டின் விநியோகப் பிரிவு 1991இல் வீழ்ந்தது, அதனை நம்பியிருந்த சிறு வெளியீட்டாளர் பலர் இழப்புற்றனர்.

எனினும் உறையில் அச்சிட்ட அக்கணக்கு தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. அதைப் படித்தவர்கள் தட்டு வெளியிட்டனர். அவர்களுடையதைப் படித்தவர்களும் வெளியிட்டனர். நம் பள்ளிகளில் மாணவர் கையெழுத்து இதழோ கவிதைத் தொகுப்போ வெளியிடும்போது, பின்னட்டையில் தாளுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, எத்தனை வரைவுகள் எழுதிக் கிழித்தோம் என்பதையும் சேர்த்து அச்சிடலாம். அதைக் கையில் எடுக்கும் அடுத்த வகுப்பு மாணவருக்கு, எழுத்தாளர் என்பவர் எட்டாத உயரத்தில் இருப்பவராகத் தோன்றமாட்டார். தாமும் தொடங்க எவ்வளவு தேவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.