திருத்த முடியாத பேரேடு தேர்தலைக் காக்குமா?

2019 ஆகஸ்ட். மாஸ்கோ நகர மன்றத் தேர்தலில் பிளாக்செயின் வழியே வாக்களிக்க ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று அதிகாரிகளே நிரலைப் பொதுவெளியில் வைத்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் பியரிக் கோட்ரி, வாக்குகளை மறைக்கும் சங்கேதப் பூட்டைச் சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடங்களில் திறந்துவிட்டார். பூட்டின் சாவி அவ்வளவு சிறியதாக இருந்தது.

பிளாக்செயின் என்பது என்ன?

சீட்டுக் கணக்கை ஒருவரே வைத்திருந்தால் இஷ்டத்துக்குத் திருத்தலாம். சீட்டுக் கட்டும் எல்லாரிடமும் அதே கணக்கு இருந்தால், திருத்தியவர் உடனே மாட்டிக்கொள்வார். பிளாக்செயின் அப்படிப்பட்ட பேரேடு. அதன் ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் கைரேகையைச் சுமக்கிறது. பழைய பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அடுத்தடுத்த பக்கங்கள் பொருந்தாது.

சிக்கல் எங்கே?

பேரேட்டில் ஏறும் முன்பே வாக்கு மாறிவிட்டால், தவறான வாக்குதான் அழியாமல் பதிவாகும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2018 தேர்தலில், வெளிநாட்டிலிருந்த 144 பேர், பிளாக்செயினில் வாக்கைப் பதியும் வோட்ஸ் என்ற கைபேசிச் செயலி வழியே வாக்களித்தனர். வாக்காளரின் கைபேசிக்குள் புகுந்தவர் வாக்கை மாற்றவும் முடியும் என்று எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியில் எச்சரித்தனர். செயலியை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது; மாநிலம் அதே ஆண்டு அந்தச் செயலியைக் கைவிட்டது.

எதற்கு உதவும்?

எஸ்தோனியா 2007இல் பெரும் இணையத் தாக்குதலைச் சந்தித்தது. இன்று அங்கே அரசு ஆவணங்களில் யாரும் கைவைக்கவில்லை என்பதை உறுதிசெய்ய இதே கைரேகைச் சங்கிலி உதவுகிறது. அரசு தன் கோப்பைத் தானே ரகசியமாகத் திருத்த முடியாது என்பது குடிமக்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் 2005 முதல் அங்கே நடக்கும் இணைய வாக்குப்பதிவு, பிளாக்செயின் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது.

சொந்தத் தொகுதிக்கு வர முடியாத வாக்காளர்களுக்காக, நம் தேர்தல் ஆணையமும் 2020இல் சென்னை ஐஐடியுடன் இணைந்து பிளாக்செயின் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தது. அந்த வாக்காளர்களின் தேவை உண்மையானது. ஆனால் வாக்குச்சாவடியில், வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடிகள் தெரியும் சீட்டை நினைத்துப் பாருங்கள். சின்னத்தை அடையாளம் காணத் தெரிந்தால் போதும், எவரும் சரிபார்க்கலாம். எந்தப் புதிய முறை வந்தாலும், தோற்ற வேட்பாளரின் முகவர் தன் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும் சான்று ஒன்று மிஞ்ச வேண்டும்.